பழைய டிப்பர் டிரெய்லர் வாங்கியிருக்கிறேன்: கரும்பு வெட்டுக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தென்பெண்ணைக்கரை:
வணக்கம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறோம், கொஞ்சம் நெல்லும் உண்டு. இதுவரை வாடகை வண்டிதான். இப்போது சொந்தமாக ஒரு பழைய டிப்பர் டிரெய்லர் வாங்கியாகிவிட்டது. ஒரே ஆக்சில், இரண்டு சக்கரம், 9.00-20 லாரி டயர், ஹைட்ராலிக்கில் தூக்குகிற வகை. டிராக்டர் 45 எச்பி. கரும்பு, நெல் மூட்டை, எரு, வீட்டு வேலைக்குச் செங்கல், மணல் எல்லாம் இதில்தான் வரப்போகிறது.

டிராக்டருக்கு மணிக்கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுகிறோம். டிரெய்லருக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் சொல்வதில்லை. விற்றவரைக் கேட்டால் "கிரீஸ் அடிச்சா போதும்" என்கிறார். புதுப் பெயிண்ட் அடித்துத்தான் கொடுத்தார். ஆலை திறக்கச் சில வாரம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

லேத்துப்பட்டறை:
பழைய டிரெய்லரில் புதுப் பெயிண்ட் இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள் தம்பி. வெல்டிங் விட்டிருக்கும் இடத்தைப் பெயிண்ட் நன்றாக மூடிவிடும். டிராபார் சட்டம் (டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் முன்கை) பெட்டிக்கு அடியில் வந்து சேரும் மூலை, ஆக்சிலைப் பிடிக்கும் யூ போல்ட் பக்கம், டிப்பர் கீல் இருக்கும் பின்பகுதி ஆகிய மூன்று இடத்திலும் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிப் பாருங்கள். தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தாலும் அது விரிசல்தான். அதன் மேலேயே ஒரு பட்டையை வைத்து வெல்டிங் அடித்துத் தரச் சொல்லாதீர்கள். விரிசலின் நுனி வரை கிரைண்டரால் திறந்து, உள்ளே நிரப்பிய பிறகுதான் மேலே பட்டை போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் விரிசல் வளர்ந்துகொண்டே போகும், வெளியே எதுவும் தெரியாது.

அடுத்தது கொக்கி. டிராபாரின் வளையம், டிராக்டரின் பிடி, இரண்டையும் கோக்கும் 'பின்' என்ற இரும்புக் கம்பி. இந்த மூன்றில் எது தேய்ந்தாலும் ஆட்டம் வரும். ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு குழிக்கும் டிரெய்லர் முன்னே வந்து இடிக்கும், அந்த இடியில் தேய்மானம் இன்னும் வேகமாகும். பின்னைக் கழற்றி நடுவில் விரலால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். தளக் கம்பி, கடப்பாரைத் துண்டு, தலை வெட்டிய போல்ட் எல்லாம் பின் ஆகாது. கெட்டியான இரும்பில் கடைந்து, மேலே தலையும் கீழே பூட்டு ஊசி போட ஓட்டையும் உள்ளதுதான் வேண்டும். பூட்டு ஊசி இல்லாத பின் வேகத்தடையில் துள்ளி வெளியே வந்துவிடும்.

பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள். நம் ஊரில் நூற்றில் ஒரு வண்டியில்கூட இதைப் பார்க்க முடிவதில்லை, அது எனக்கு ஆறாத மனக்குறை. சங்கிலியை அதே பின்னிலேயே மாட்டிவிட்டால் பயன் இல்லை. பின் போனால் சங்கிலியும் சேர்ந்து போய்விடும். டிராக்டர் சட்டத்தில் தனி இடம் பார்த்து மாட்ட வேண்டும்.

தென்பெண்ணைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணே. சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பின் விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது: யாரோ ஒரு போல்ட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், கீழே பூட்டு கிடையாது. சக்கர பேரிங்கை எப்படிச் சோதிப்பது? கழற்றித்தான் பார்க்க வேண்டுமா?

லேத்துப்பட்டறை:
பழைய வண்டி என்பதால் ஒருமுறை கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை. பெட்டி காலியாக, சமதரையில், டிராக்டரில் பூட்டியபடியே இருக்கட்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து ஒரு பக்கம் ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஆக்சிலுக்குக் கீழே கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. சுற்றிவிட்டால் கரகர சத்தம் வரக் கூடாது.

கழற்றினால் பேரிங்கை டீசலில் கழுவி, நன்றாக உலர வைத்து, உருளைகளில் சூட்டால் நீலம் ஏறியிருக்கிறதா, புள்ளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரிங்கையும் அதன் வெளிக் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புதுப் பேரிங்கை உட்கார வைப்பது வீண் செலவு. ஆயில் சீல் விலை குறைவு, ஒவ்வொரு முறையும் புதிதாகவே போடுங்கள். கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு நடுவில் ஏறும்வரை அழுத்த வேண்டும். மேலே பூசிவிட்டால் போதாது. ஹப் (பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதி) நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, ஓட்டை நேராக வரும் இடத்தில் புது ஸ்பிலிட் பின் போடுங்கள். அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்துவிடும்.

வாய்க்காலில் ஆக்சில் முழுகும்படி இறக்கி ஏற்றினால் ஹப்புக்குள் தண்ணீர் போயிருக்கும். ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் பட்டென்று குளிர்ந்ததும் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த வருடம் பேரிங்கைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

டயர்க்கடை:
டயர் பற்றி நான் சொல்கிறேன். டிரெய்லருக்கு யாரும் புது டயர் வாங்குவதில்லை. லாரியில் ஓடி முடிந்ததும், ரீட்ரெட் செய்ததும் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) தான் வருகிறது. அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) ஆழத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு எண் அச்சிட்டிருக்கும், 2317 என்று இருந்தால் 2017-ல் 23-வது வாரம் செய்தது. வருடம் முழுக்க வெயிலில் நிற்கும் டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிறது. பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடிப்பு இருந்தால், உள்ளே நூல் தெரிந்தால், எவ்வளவு பட்டன் இருந்தாலும் வேண்டாம்.

காற்றைப் பொறுத்தவரை, கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ அளக்க முடியாது. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று பக்கவாட்டிலேயே போட்டிருக்கும். காற்று குறைந்த டயர் பாரத்தோடு ஓடும்போது மடங்கி மடங்கிச் சூடாகித்தான் வெடிக்கிறது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 20 இன்ச் டிஸ்க்கில் பெரும்பாலும் லாக் ரிங், அதாவது டயரை டிஸ்க்கில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம், இருக்கும். காற்று இறங்கியபடி கொஞ்ச தூரம் ஓடிய சக்கரத்துக்கு வண்டியில் இருந்தபடியே காற்று அடிக்காதீர்கள். ரிங் சரியாக உட்காராமல் இருந்தால் தெறித்து வரும், எதிரே நிற்கிற ஆள் பிழைக்க மாட்டார். கழற்றிக் கடைக்குக் கொண்டு வாருங்கள். கூண்டுக்குள் வைத்தோ, சங்கிலி சுற்றியோ, நீளமான ஹோஸில் தள்ளி நின்று அடிப்பதுதான் முறை. உங்கள் ஊர்க் கடையில் அப்படிச் செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

காவிரிப்படுகை:
எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் இதே அளவு டிப்பரில் இரண்டு யூனிட் மணல் ஏற்றுகிறார்கள். வாடகை கட்டுப்படியாக வேண்டுமே. டீசல் விற்கிற விலையில் அரைப் பெட்டியோடு ஓட்டினால் என்ன மிஞ்சும்? வண்டி தாங்குகிறது, டிராக்டர் இழுக்கிறது, அப்புறம் என்ன?

லேத்துப்பட்டறை:
டிராக்டர் இழுப்பது எனக்கும் தெரியும். நிறுத்துவது பற்றித்தான் கேட்கிறேன்.

கணக்குப் போடுவோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உலர்ந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.6 டன். ஆக ஒரு யூனிட் நாலரை டன். ஈர மணல் என்றால் ஐந்தைத் தாண்டிவிடும். இரண்டு யூனிட் என்றால் ஒன்பது, பத்து டன். 45 எச்பி டிராக்டரின் சொந்த எடை இரண்டு டன் பக்கம். டிரெய்லரில் பிரேக் கிடையாது. பத்து டன்னையும் டிரெய்லரின் எடையையும் அந்த இரண்டு டன் டிராக்டரின் பின்சக்கரம் மட்டும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அதே பெட்டியில் நெல் ஏற்றினால் கதை வேறு. நெல் ஒரு கன மீட்டர் 600 கிலோவைத் தாண்டாது. பெட்டி நிறைந்ததா என்பதை வைத்து முடிவு செய்வதால்தான் இந்தத் தவறு நடக்கிறது. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ, 100 மூட்டை ஏற்றினால் 4 டன். செங்கல் ஒன்று மூன்று கிலோ என்றால் ஆயிரம் கல் 3 டன். இப்படி எடையில் யோசியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்று எழுதியிருப்பதும் எடையில்தான்.

வாடகைக் கணக்கில் அபராதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல.

கல்வராயன் அடிவாரம்:
பட்டறை அண்ணன் சொல்வது இறக்கத்தில் வந்தால்தான் முழுதாகப் புரியும். எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு, எல்லாமே மேடு பள்ளம்.

ரோட்டில் ஏறுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை: டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் பூட்டிச் சேர்ப்பது. வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அப்படியே ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவசரத்தில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் அந்தப் பக்கம் சடக்கென்று திரும்பும், பின்னால் இருக்கும் பாரம் நேரே தள்ளும். டிராக்டரும் டிரெய்லரும் கத்தரி போல மடங்கிக் கவிழ்ந்துவிடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது சாவை அழைப்பது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

ஏற்றத்தில் வேறொரு ஆபத்து. சேற்றில் மாட்டினால் சங்கிலியை டாப் லிங்கிலோ (கலப்பையைப் பிடிக்கும் மேல் கம்பி) பின் ஆக்சிலுக்கு மேலேயோ கட்டி இழுக்கிறார்கள். இழுக்கும் புள்ளி ஆக்சிலுக்கு மேலே போனால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. எவ்வளவு அவசரமானாலும் டிராக்டரின் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில்தான் கட்ட வேண்டும்.

கிளிநொச்சி:
இங்கே எங்கள் பக்கம் லாண்ட்மாஸ்டர் பெட்டிதான் அதிகம், ஒரு விசயம் சேர்க்கிறன். இரண்டு சக்கர உழவு இயந்திரத்தில் பெட்டி பூட்டி ஓடுகிற ஆட்கள் இறக்கத்தில் கவனம். சமதரையில் இடது கைப்பிடி கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பாரம் பின்னுக்கு நின்று தள்ளும்போது அதே கிளட்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். விட்ட சக்கரம் சுதந்திரமாக வேகம் எடுத்துவிடும், மற்றச் சக்கரத்தை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும், அதுதான் காரணம். புதிதாகப் பழகுகிற பெடியளுக்கு இதைச் சொல்லாமல் மெசினைக் கொடுக்கக் கூடாது. இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேணும். பெட்டியின் கால் பிரேக்கும் வேலை செய்ய வேணும்.

காவிரிப்படுகை:
பட்டறை அண்ணே, எடைக் கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு யூனிட் என்று பேசி வாடகையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றினால்தான் முடியும். ஒருவர் மட்டும் குறைத்தால் லோடு அடுத்தவருக்குப் போய்விடுகிறது. எங்கள் ஊர் வண்டிக்காரர்கள் கூடும்போது பேசிப் பார்க்கிறேன்.

பாரம் வைக்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றை ஆக்சிலில் பாரம் சற்று முன்பக்கம் கூடுதலாக இருக்க வேண்டும். பின்பக்கம் கூடினால் டிராபார் மேலே தூக்கி டிராக்டரின் பின்சக்கரப் பிடிமானம் போய்விடும். மூட்டை இறக்கும்போது முன்பக்கத்தை முதலில் காலி செய்துவிட்டு, பின்பக்கம் பாரம் இருக்கும்போதே பின்னைக் கழற்றினால் டிராபார் எகிறி முகத்தில் அடிக்கும். பாரத்தோடு கழற்றவே கூடாது. பூட்டும்போதும் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்று "வா வா" என்று கைகாட்டும் பழக்கத்தை விட வேண்டும். டிராக்டர் நின்று, நியூட்ரலுக்கு வந்து, பிரேக் போட்ட பிறகுதான் ஆள் உள்ளே போய்ப் பின் போட வேண்டும்.

இரவு லோடு:
நான் லாரி ஓட்டுகிறேன். இரவில் எங்களுக்கு உண்மையான பயம் கரும்பு டிரெய்லர்தான். கோபத்தில் சொல்லவில்லை, எங்கள் வீடும் விவசாய வீடுதான்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறோம். முன்னால் 15-ல் போகிற டிரெய்லருக்கு விளக்கு இல்லை. விளக்கு இருந்தாலும் கரும்புத் தோகை தொங்கி அதை மூடிவிடுகிறது. எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடித்தால் கரும்பு மட்டும்தான் தெரியும், அதுவும் மோதுகிற தூரத்தில். பாரம் ஏற்றி முடித்த பிறகு பின்னால் நடந்து போய், இருபது முப்பது அடி தள்ளி நின்று உங்கள் வண்டியைப் பாருங்கள். விளக்கும் ரிப்ளெக்டரும் தெரியாவிட்டால் தோகையை வெட்டுங்கள். இல்லையென்றால் கடைசிக் கட்டின் மேல் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் பலகையும் பேட்டரி விளக்கும் கட்டித் தொங்கவிடுங்கள். ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பக்கவாட்டை விட்டுவிடாதீர்கள். வயல் பாதையிலிருந்து ரோட்டில் ஏறித் திரும்பும்போது பக்கவாட்டில்தான் மோதுகிறார்கள்.

பஞ்சர் ஆகி நின்றால் ரோட்டை விட்டு முழுதாக இறக்குங்கள். முடியாவிட்டால் பின்னால் தூரத்தில் முக்கோண எச்சரிக்கைப் பலகை வையுங்கள், ஒரு ஆள் டார்ச்சோடு நிற்கட்டும். கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். அந்தக் கல்லில் ஏறி விழுந்த பைக் ஓட்டிகளை நான் தூக்கியிருக்கிறேன்.

லேத்துப்பட்டறை:
விளக்கு விஷயத்தில் ஒரு சின்ன வேலை. பெரும்பாலான டிரெய்லரில் எர்த் தனி வயராக இருக்காது, கொக்கி வழியாகத்தான் போகும். கொக்கியில் துருவும் மண்ணும் இருந்தால் விளக்கு மினுக்கும், இல்லையென்றால் செத்துப்போகும். பிளக்கிலிருந்து விளக்கு வரை எர்த்துக்கு என்று ஒரு வயர் தனியாக இழுங்கள். வயரைக் குழாய்க்குள் விட்டால் எலி கடிக்காது.

நடவுக்காரி:
ஆட்களை ஏற்றுவது பற்றி யாரும் பேசவில்லையே. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களை இந்த டிரெய்லரில்தான் அள்ளிக்கொண்டு போகிறார்கள். பக்கத் தடுப்பில் உட்கார்ந்து, கைப்பிடி இல்லாமல், சிலர் மடியில் குழந்தையோடு. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் பக்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் திரும்பவும் அதேபோல் நடந்தது, 20 பேருக்கு மேல். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பெட்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் மேல் அப்படியே மூடிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தாலும் வெளியே வர முடியாது.

தென்பெண்ணைக்கரை:
அக்கா சொல்வது நியாயம். ஆனால் எங்கள் ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது. கரும்பு வெட்டுக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். வேறு எப்படிக் கூட்டிவருவது?

நடவுக்காரி:
எங்கள் ஊரில் இரண்டு மூன்று நிலத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்கிறார்கள். கூலியில் கழிக்காமல் அவர்களே கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்துக்குத் தயாராக வேண்டும், அவ்வளவுதான் சிரமம். சரக்கு ஏற்றுகிற பெட்டியில் ஏறிய ஆளுக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் பணத்துக்குக் குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். வேன் வாடகையை அதோடு வைத்துப் பாருங்கள்.

டயர்க்கடை:
இன்ஷூரன்ஸ் என்றதும் நினைவு வந்தது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு, அதைப் பக்கவாட்டில் எழுத வேண்டும். இழுக்கிற டிராக்டரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பாலிசியில் டிராக்டர் மட்டும் இருந்தால் டிரெய்லரையும் சேர்க்கச் சொல்லுங்கள். விவசாயத்துக்கு என்று பதிந்த வண்டியில் வாடகைக்கு மணல் அடித்தால் விபத்து நேரத்தில் கம்பெனி கையை விரிக்க வாய்ப்பு உண்டு. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதிகம் விடுவது அதைத்தான்.

தென்பெண்ணைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வேலை நடந்துகொண்டிருக்கிறது. சுரண்டியதில் டிராபார் இடது மூலையில் விரிசல் கிடைத்தது, திறந்து வெல்டிங் ஆகிவிட்டது. இடது சக்கர பேரிங் நீலம் பாய்ந்திருந்தது, கிண்ணத்தோடு மாற்றினோம். புதுப் பின் கடைந்து வாங்கினேன், பூட்டோடு. ஒளிரும் பட்டை ஒட்டியாயிற்று. ஆட்களுக்கு வேன் பேசப் பக்கத்து நிலத்துக்காரர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு சந்தேகம். சங்கிலி எவ்வளவு நீளம் விட வேண்டும்? டிப்பரைத் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் கிரீஸ் அடிக்க வேண்டியிருக்கிறது, ஹைட்ராலிக் தாங்கும்தானே?

லேத்துப்பட்டறை:
இரண்டாவதை முதலில் சொல்கிறேன்: தாங்கும் என்று நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஹோஸ் வெடித்தாலோ, டிராக்டரில் ஏறிய ஒரு சிறுவன் லீவரைத் தொட்டாலோ பெட்டி ஒரே அடியாக இறங்கிவிடும். காலிப் பெட்டியைத் தூக்கி, சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இரும்பு முட்டு கொடுத்து, பெட்டியை அதன்மேல் உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். முட்டு இல்லாவிட்டால் கொண்டு வாருங்கள், கீல் வைத்து நிரந்தரமாகவே செய்து தருகிறேன். பாரத்தைக் கொட்டும்போது சமதரை வேண்டும், பின்கதவை முதலில் திறக்க வேண்டும், தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கியபடி நகர்த்தவே கூடாது.

சங்கிலி: இரண்டு போடுங்கள், டிராபாருக்கு அடியில் குறுக்காக. முழுதாக ஒடித்துத் திருப்பினாலும் இறுகாத அளவுக்குத் தொய்வு வேண்டும், தரையில் உரசும் அளவுக்கு வேண்டாம். பின் கழன்றால் டிராபார் மண்ணில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழும். மாட்டிய பிறகு காலி வண்டியோடு இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் கழற்றிப் போட்டிருப்பதால் முதல் லோடு இறக்கியதும் சக்கர நட்டைத் திரும்ப ஒருமுறை இறுக்குங்கள், ஹப்பில் கை வைத்துச் சூட்டையும் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கு அடுத்த லோடு வேண்டாம், நேராகப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.